மூன்று நிமிடத் தாய்

தாயை இழந்த ஆட்டுக்குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்து மந்தையோடு சேர்த்துவிடுகிறோம். தெருவில் கிடந்த நாய்க்குட்டி, தண்ணீர் கலந்த பாலையும் பிசைந்த சோற்றையும் தின்றே தேறிவிடுகிறது. மரத்திலிருந்து விழுந்த அணிற்பிள்ளையைப் பஞ்சில் நனைத்த பால் கொடுத்துப் பிழைக்கவைத்தவர்களும் நம் ஊர்களில் உண்டு. ஆனால் தாயற்ற முயல்குட்டியை வளர்க்க முனைந்தவர்களை விசாரித்துப் பாருங்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். நன்றாகத்தான் குடித்தது, வயிறு புடைக்கக் குடித்தது, நேற்று ராத்திரிகூடக் கையில் துள்ளியது, விடிந்து பார்த்தால் விறைத்துக் கிடந்தது என்பார்கள். பசியால் இறந்திருந்தால் காரணம் தேட வேண்டியதில்லை. நிறைந்த வயிற்றோடு ஒரு ஜீவன் ஏன் சாக வேண்டும் என்பதுதான் புதிர்.

அந்தப் புதிர் எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் வந்தது, ஓர் அக்கினி நட்சத்திரத்து மாலையில். திண்டுக்கல்லில் தம்பி வீட்டுக் கொல்லையில், தகரக் கூரைக்குக் கீழே கம்பிக்கூண்டில் இருந்த வெள்ளை முயல், குட்டி போட்ட ஐந்தாம் நாள் நடுப்பகலில், காதுகள் சிவந்து, வாய் திறந்து மூச்சிரைத்துச் செத்துப்போயிற்று. முயலுக்கு நம்மைப்போல வியர்த்து உடலைக் குளிர்வித்துக்கொள்ளும் வழி இல்லை. இரத்த நாளங்கள் ஓடும் நீண்ட காதுகளின் வழியாகவே அது தன் உஷ்ணத்தை வெளியே விடுகிறது. சுற்றுக்காற்றே உடலளவு கொதிக்கும்போது அந்த வாசலும் அடைபட்டுப்போகிறது. இதே மாவட்டத்தில், கொடைக்கானல் மலைமேல், மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி மையத்தில் சோவியத் சின்சில்லா முயலும் ஒயிட் ஜயண்ட் முயலும் செழித்து வளர்கின்றன. மலையடிவாரத்தில் தகரத்துக்குக் கீழே அவை தாங்குவதில்லை. தென்னங்கீற்றையாவது அந்தத் தகரத்தின்மேல் பரப்பியிருக்கலாம் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

அட்டைப்பெட்டியில் நான்கு குட்டிகளை ஏந்திக்கொண்டு வந்தவள் தம்பி மகள். ஒன்பது வயது. மயிரில்லாத இளஞ்சிவப்புத் தோல், மூடிய கண்கள், இன்னும் திறவாத செவிகள். ஒவ்வொன்றும் ஒரு கட்டைவிரல் பருமன். தாய் தன் வயிற்று ரோமத்தைத் தானே பிடுங்கிப் பரப்பியிருந்த மெத்தையையும் அந்தப் பெண் விட்டுவிடாமல் அள்ளிக்கொண்டு வந்திருந்தாள். அவள் செய்த அந்த ஒரு காரியம் எவ்வளவு சரியானது என்பது எனக்கு அப்போது தெரியாது.

அழாத குட்டி

“இதுக்குப் பசிக்கலையா பெரியப்பா? அழவே மாட்டேங்குதே!” என்று அவள் கேட்டாள். அறிவியல் ஆராய்ச்சிகள் பல இத்தகைய கேள்வியிலிருந்துதான் தொடங்கியிருக்கின்றன.

பூனைக்குட்டி கத்தும், கோழிக்குஞ்சு கீச்சிடும். முயல்குட்டி தாயைக் கூவி அழைப்பதில்லை, ஏனெனில் அழைத்தாலும் தாய் வரப்போவதில்லை. முயல் ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறை, பெரும்பாலும் இரவிலோ விடியலுக்குச் சற்று முன்போ, வளைக்குள் நுழைந்து, மூன்று அல்லது நான்கு நிமிஷம் குட்டிகளின் மேலே நின்று பாலூட்டிவிட்டு வெளியேறிவிடுகிறது. காட்டில் வாழும் முயல் போகும்போது வளையின் வாயை மண்ணால் மூடிவிட்டும் போகிறது. மீதி நேரமெல்லாம் அது குட்டிகளின் அருகில் அண்டுவதே இல்லை. இதைப் பார்த்து, கல்நெஞ்சக்காரத் தாய் என்று நினைப்பவர்கள், நரியும் கீரியும் பாம்பும் மோப்பம் பிடித்துத் திரிகிற உலகில், போர்க்குணமில்லாத ஒரு தாய் தன் வாசனையைக் கூட்டின்மேல் படியவிடாமல் விலகியிருப்பதே அது தரக்கூடிய மிகப் பெரிய காவல் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த மூன்று நிமிஷத்தைத் தவறவிட்ட குட்டி அடுத்த நாள்வரை பட்டினி. கண் தெரியாத, காது கேளாத குட்டி இருட்டில் முலைக்காம்பை எப்படிக் கண்டுபிடிக்கிறது? பிரான்ஸ் தேசத்தில் திஜோன் நகரத்தில் பெனுவா ஷால் என்பவரும் அவருடைய சகாக்களும் 2003ஆம் ஆண்டில் இதற்கு விடை வெளியிட்டார்கள். முயல்பாலிலிருந்து எழும் பலவகை வாசனைகளுள் ஒரே ஒரு ரசாயனப் பொருளை அவர்கள் பிரித்தெடுத்தார்கள். அதைக் கண்ணாடிக் குச்சியில் தடவி நீட்டினால், குட்டி தலையை வெடுக்வெடுக்கென்று ஆட்டித் தேடிக் குச்சியையே கவ்விக்கொள்கிறது. ஒரே இனத்துக்குள் சேதி சொல்லும் இத்தகைய வாசனைப் பொருளுக்கு ‘அழைமணம்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். நம் கையில் உள்ள சிரிஞ்சுக்கு அழைமணம் கிடையாது. ஆகையால்தான் பசித்த குட்டியும் நாம் நீட்டும் பாலை முதலில் ஏற்க மறுத்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பிடிவாதம் என்று நாம் எண்ணுவது உண்மையில் சேதி வந்து சேராத நிலை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாய் வரும் வேளை நெருங்குவதைக் குட்டிகள் உள்ளுக்குள் அறிந்திருக்கின்றன. அதுவரை ரோமத்துக்கு அடியில் குவியலாக உறங்குபவை, ஒரு மணி நேரத்துக்கு முன்பே விழித்து, மெத்தையை விலக்கிக்கொண்டு மேலே ஏறிவிடுகின்றன. தாய் வராத நாளிலும் அந்த உட்கடிகாரம் நின்றுவிடுவதில்லை. முதல் இரவு, நாலு மணிக்கு முன்னால், பெட்டிக்குள் சரசரப்புக் கேட்டு விளக்கைப் போட்டேன். குட்டிகள் ரோமத்தின்மேல் ஏறி, மூடிய கண்களோடு முகத்தை உயர்த்திக் காத்திருந்தன.

ஒரு குட்டி, ஒரு தராசு

இனி நான்கில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். சமையலறைத் தராசில் ஒரு கிண்ணம் வைத்து, அதில் துணி விரித்து நிறுத்தபோது இதன் எடை 78 கிராம். குறிப்பேட்டில் முதல் வரியாகத் தம்பி மகள் அதை எழுதினாள்.

இந்த வயதில், தாயிடம் இருந்தால், இது அந்த ஒரே வேளையில் சுமார் 15 கிராம் பால் குடிக்கும். தன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு! 60 கிலோ எடையுள்ள மனிதர் ஒருவர் மூன்றே நிமிஷத்தில் 12 லிட்டர் குடிப்பதற்கு அது சமம். அப்படிக் குடித்த குட்டியைத் திருப்பிப் பார்த்தால், மெல்லிய வயிற்றுத்தோல் வழியாக உள்ளே இருக்கும் பால் வெள்ளை வெளேரென்று தெரியும்; முயல் வளர்ப்பவர்கள் குட்டி பசியாறிவிட்டதா என்பதை அந்த வெண்மையை வைத்தே கண்டுகொள்வார்கள்.

அந்தப் பால் எத்தகையது? முயல்பால் 100 கிராமில் கொழுப்பு 12, 13 கிராம். புரதம் 11, 12 கிராம். பாலுக்குத் தித்திப்பைத் தரும் பால்சர்க்கரையோ 2 கிராமுக்கு மேற்படாது. பசும்பாலில் கொழுப்பு 4 கிராம், புரதம் 3 கிராமுக்குச் சற்று மேல், பால்சர்க்கரை 5 கிராமை நெருங்கி நிற்கிறது. ஒன்று நெய்யும் தயிர்க்கட்டியும் சேர்ந்தாற்போன்ற ஆகாரம். மற்றொன்று அதன் எதிரே சர்க்கரைத் தண்ணீர். ஒரு நாளில் ஒரே முறை ஊட்டும் தாயின் பால் திண்மையாகத்தான் இருந்தாக வேண்டும் என்பது யோசித்தால் விளங்கும்.

இப்போது கணக்கு. 15 கிராம் முயல்பாலில் சுமார் 26 கலோரி சக்தி இருக்கிறது. அதே 26 கலோரியைப் பசும்பாலிலிருந்து பெற வேண்டுமானால் குட்டி 40 மில்லி லிட்டர் குடிக்க வேண்டும். அதாவது தன் எடையில் பாதி. நாங்கள் முதல் நாள் செய்ததோ இன்னும் மோசம். கைக்குழந்தைக்குச் செய்வதுபோல், செரிக்கட்டும் என்ற நல்லெண்ணத்தோடு, பாலில் சரிபாதி தண்ணீர் கலந்தோம். அப்படியானால் 80 மில்லி லிட்டர் வேண்டும். குட்டி தன் எடையளவு பாலை ஒரே நாளில் குடித்தாக வேண்டும். அது நடவாத காரியம். நடந்தாலும் விபரீதம்: தாய்ப்பாலில் நாளைக்கு 0.3 கிராம் பால்சர்க்கரை போன இடத்தில், 40 மில்லி பசும்பாலோடு ஏறத்தாழ 1.9 கிராம், அதாவது ஆறு மடங்கு, போய்ச் சேர்கிறது. செரிக்காமல் மிஞ்சும் சர்க்கரை குடலில் புளித்து வாயுவாகிறது. முயலால் வாந்தியெடுக்கவும் இயலாது.

வயிறு புடைத்திருப்பதைக் கண்டு நாம் ஆனந்தப்படுகிறோம். உள்ளே குட்டி பட்டினியும் கிடக்கிறது, உப்புசத்தாலும் வாடுகிறது. புதிரின் முதற்பாதி இந்தக் கணக்கில் அவிழ்ந்துவிடுகிறது.

மறுநாள் கால்நடை மருத்துவர் ஒருவர் சொன்னதன்பேரில், பூனைக்குட்டிகளுக்கென்று விற்கும் பால்மாவை வாங்கி வந்து, காலையும் மாலையுமாக இருவேளை கொடுக்கலானோம். கொழுப்பும் புரதமும் மிகுந்த அந்த மாவு முயல்பாலுக்கு நிகரில்லையானாலும், பசும்பாலைவிட எவ்வளவோ அருகில் வருகிறது.

புகட்டும் கை

நம் பாட்டிமார்கள் குழந்தைக்குச் சங்கிலும் பாலாடையிலும் பால் புகட்டினார்கள். அந்தக் கைப்பழக்கத்தை முயல்குட்டியிடம் காட்டக் கூடாது. குழந்தையைப்போல மல்லாத்திக் கிடத்தி வாயில் பாலை ஊற்றினால், அது உணவுக்குழாயை விட்டு மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். புரையேறினால் நாம் இருமித் தள்ளுகிறோம். முயல்குட்டியிடம் தெரிவதெல்லாம் மூக்கு நுனியில் ஒரு வெண்ணிறக் குமிழி மட்டுமே. நுரையீரலில் போன பால் அழற்சியாகி ஓரிரு நாளில் உயிரைக் கொண்டுபோகும். குட்டியை நிமிர்த்திப் பிடித்து, ஊசியில்லாத ஒரு மில்லி சிரிஞ்சால் உதட்டோரத்தில் ஒரு சொட்டு வைத்து, அது நக்கி விழுங்கிய பிறகே அடுத்த சொட்டு வைக்க வேண்டும். பாலும் உள்ளங்கைச் சூடு இருக்க வேண்டும். பிறகு ஈரப்பஞ்சால் அடிவயிற்றையும் ஆசனவாயையும் மெல்ல வருடிச் சிறுநீர் கழிக்கச் செய்வது நல்லது.

மூன்றாவது குட்டி என் கையில்தான் போயிற்று. அவசரப்பட்டேன். வெண்குமிழியைக் கண்டேன், துடைத்துவிட்டுத் தொடர்ந்தேன்.

முதலிரண்டும் அதற்கு முன்பே, முதல் இரவிலேயே குளிரில் போயின. அக்கினி நட்சத்திரத்தில் குளிரா என்று கேட்கலாம். மயிரற்ற 70, 80 கிராம் உடல், அதன் கொள்ளளவை நோக்க மேற்பரப்பு மிகப் பெரிது. புக்கையைத் தட்டில் பரப்பினால் விரைவில் ஆறிவிடுவதுபோல அதன் சூடு நொடியில் பறக்கிறது. நமக்குக் குளிர்ந்தால் நடுங்கிச் சூடேற்றிக்கொள்கிறோம். பிறந்த முயலோ தோள்பட்டைகளுக்கிடையே உள்ள ‘பழுப்புக் கொழுப்பு’ என்ற விசேஷக் கொழுப்பை எரித்துச் சூடு பெறுகிறது. பாலில்லாத நாளில் அந்த விறகு தீர்ந்துபோகும். ஆகவேதான் குட்டிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நுழைந்து குவியலாகவே உறங்குகின்றன. நாங்களோ, புழுக்கத்துக்குப் பயந்து, பெட்டியை மின்விசிறிக்குக் கீழே வைத்திருந்தோம். தாயின் ரோமத்துக்குள் ஆழப் புதைந்திருந்த இரண்டுமே மறுநாளைப் பார்த்தன. அந்தப் பெண் அதை அள்ளி வந்திராவிட்டால் அவையும் மிஞ்சியிருக்கமாட்டா.

காப்புநெய்

கடைசிக் குட்டி பிழைத்தது. பத்தாம் நாள் கண் திறந்தது. சாம்பலும் வெள்ளையுமாக உரோமம் மூடியது. குறிப்பேட்டில் 104, 131, 162 என்று எண்கள் ஏறின. கைக்குட்டையின் மடிப்புக்குள் தலையை மட்டும் நுழைத்து, உடல் முழுதும் மறைந்துவிட்டதாக எண்ணிக்கொண்டு உறங்குவது அதன் சுபாவம். பதினெட்டாம் நாள் காய்ந்த புல்லைக் கொறித்தது. இருபதாம் நாள் 218 கிராம். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தோம்.

இருபத்தோராம் நாள் 221. அடுத்த நாள் காலை 209. பின்னங்கால்களில் தண்ணீராய்க் கழிச்சல். மாலைக்குள் முடிந்துவிட்டது.

மூன்றாம் வாரத்தில் ஏன்? புதிரின் மறுபாதி இதில் இருக்கிறது. வளர்ந்த முயலின் இரைப்பையில் கடுமையான அமிலம் இருந்து, உணவோடு வரும் கிருமிகளை எரித்துவிடுகிறது. பால்குடிக் குட்டியின் இரைப்பையில் அமிலம் மிகக் குறைவு. வாசலில் காவலில்லாத அந்தக் குடலில், ஆச்சரியமாக, தாய்ப்பால் குடிக்கும் நாளெல்லாம் கிருமிகள் பெருகுவதில்லை. 1966இல் கான்யாஸ்-ரோட்ரிகஸ், ஸ்மித் என்ற இரு விஞ்ஞானிகள் இதன் காரணத்தைக் கண்டார்கள். தாயின் பாலும் குட்டியின் இரைப்பையில் சுரக்கும் நொதியும் கூடும்போது, பாலின் கொழுப்பிலிருந்து ஆக்டனாயிக், டெக்கனாயிக் என்னும் இரண்டு கொழுப்பு அமிலங்கள் விடுபடுகின்றன. அவையே கிருமிகளைத் தடுக்கின்றன. இதனைக் ‘காப்புநெய்’ என்போம். இது தாயிடம் மட்டும் இல்லை, குட்டியிடம் மட்டும் இல்லை. இரண்டும் சேரும் இடத்தில் பிறக்கிறது. வேற்றினப் பால் குடிக்கும் குட்டிக்கு இந்தக் காவல் கிட்டுவதில்லை.

மேலும், முயலின் செரிமானம் பாதி அதன் குருட்டுக்குடலில் வாழும் நன்மைதரும் நுண்ணுயிர்களின் பொறுப்பு. புல்லின் நாரை அவையே பக்குவப்படுத்துகின்றன. அப்படிப் பக்குவமானதை வளர்ந்த முயல் மிருதுவான புழுக்கையாக வெளியிட்டு, அதைத் தானே உண்டு, சத்தை இரண்டாம் முறை பெறுகிறது. குட்டியின் குடலில் இந்த நுண்ணுயிர்களின் விதை எங்கிருந்து விழுகிறது? தாய் பாலூட்ட வரும்போது கூட்டில் சில புழுக்கைகளை விட்டுச் செல்கிறது. குட்டிகள் அவற்றைக் கொறிக்கின்றன. சுத்தம் என்று எண்ணி நாங்கள் தினமும் துணி மாற்றிய பெட்டியில் அந்த விதை இல்லை. பால் குறைந்து புல் கூடும் மூன்றாம் வாரத்தில், அமிலம் இன்னும் முற்றவில்லை, காப்புநெய்யும் இல்லை, நல்ல நுண்ணுயிர்க் குடியும் ஏறவில்லை. கெட்ட கிருமிகளுக்கு அதைவிட நல்ல தருணம் வாய்க்காது.

ஆகவே உத்தமமான உபாயம் ஒன்றே: பக்கத்தில் எங்காவது அதே வயதுக் குட்டிகளோடு இன்னொரு முயல் இருந்தால், அநாதைக் குட்டிகளை அந்தக் கூட்டின் ரோமத்தில் புரட்டி, அவற்றின் நடுவே சேர்த்துவிடுவது. மனித வாடை பட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்ற நம்பிக்கைக்கு வளர்ப்பு முயலைப் பொறுத்தவரை ஆதாரமில்லை. பண்ணைகளில் இந்த மாற்றம் சர்வசாதாரணம். எங்களுக்கு அடுத்த தெருவிலேயே அப்படி ஒரு முயல் அப்போது இருந்தது. அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கடலைக்காட்டுக் குட்டி

நம் காடுமேடுகளில் திரிவது வேறு இனம். கழுத்துப் பின்புறம் கருத்த நம் காட்டுமுயல் வளை தோண்டுவதில்லை. அதன் குட்டி உரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறந்து, புற்பற்றையில் அசையாமல் தனித்துப் பதுங்கியிருக்கும். கடலை பிடுங்கும்போது கண்ணில் படுகிற அத்தகைய குட்டியை, ஐயோ அநாதை என்று மடியில் கட்டிக்கொண்டு வருகிறோம். பெரும்பாலும் அது அநாதையன்று. தாய் சற்றுத் தூரத்தில் இருட்டுக்காகக் காத்திருக்கிறது. காயமில்லாத குட்டியை இருந்த இடத்திலேயே விட்டுவிடுவதே காருண்யம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதை வீட்டில் வளர்க்க இடம் தரவில்லை.

யாரிடம் சொல்லி அழுவது?

78 கிராமில் வந்து 209 கிராமில் போன ஒரு ஜீவனுக்காக ஒரு வீடு ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் இருந்ததென்றால், அதற்கும் அறிவியல் ஏதாவது சொல்லுகிறதா? பெரிய நெற்றி, உருண்ட முகம், பெரிய கண் ஆகிய குழந்தை லட்சணங்களைக் கண்டால், அது எந்த இனத்தினுடையதானாலும், மனித மனம் பராமரிக்கத் தூண்டப்படுகிறது என்று கொன்ராட் லொரன்ஸ் 1943இல் எழுதினார். ஆனால் எங்கள் குட்டிக்கு வந்தபோது கண்ணே திறக்கவில்லை. அழகென்று சொல்லவும் ஒன்றுமில்லை. அந்தப் பாசம் கண்வழியாக வந்ததைவிடக் கைவழியாகவே அதிகம் வந்தது என்பது என் துணிபு. காலையும் மாலையும் சொட்டுச் சொட்டாகப் புகட்டிய கைக்கு அந்தக் குட்டியின் எடை பழகிவிட்டது.

சமூகம் ஒப்புக்கொள்ளாத இழப்புக்கு வருந்தும் நிலையை, கென்னத் டோக்கா என்ற அமெரிக்க அறிஞர் 1989இல் வெளியான தம் நூலில் ஆராய்ந்தார். ‘அங்கீகாரமற்ற துக்கம்’ என்று அதைச் சொல்லலாம். மனிதர் இறந்தால் நமக்கு ஒப்பாரி உண்டு, பதினாறாம் நாள் உண்டு, வந்து துக்கம் விசாரிப்பவர்கள் உண்டு. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கோயில் காளை இறந்தால்கூட ஊரே திரண்டு மாலை போட்டு, மேளத்தோடு அடக்கம் செய்கிறது. முயல்குட்டிக்கு அழுதால், “இதுக்கா?” என்பார்கள். அழுகையைக் காட்டிலும் அந்த ஒரு சொல்தான் குழந்தையை வாட்டியது.

இங்கிலாந்தில் ஓல்னி என்ற ஊரில் வாழ்ந்த கவிஞர் வில்லியம் கூப்பர், மனநோயால் நொந்திருந்த காலத்தில், 1774இல், பஸ், டைனி, பெஸ் என்ற மூன்று காட்டுமுயல்களை வளர்த்தார். அவற்றின் குணபேதங்களையும் உணவையும் நோயையும் கூர்ந்து கவனித்து 1784இல் ஒரு பத்திரிகையில் விரிவாக எழுதினார். பஸ் ஏறத்தாழப் பன்னிரண்டு வயதுவரை வாழ்ந்து 1786இல் இறந்தது; அன்றைய தேதியையும் அதன் வயதையும் அவர் ஒரு தாளில் குறித்து வைத்திருந்தார். நல்ல இரங்கல் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த உயிர் போயிற்று, என்று போயிற்று, எப்படி வாழ்ந்தது என்பதை வழுவாமல் எழுதி வைத்தல்.

குழந்தையிடம், தூங்கிவிட்டது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. தூக்கத்துக்கு அஞ்சும் குழந்தையை அச்சொல் உருவாக்கும். இறந்துவிட்டது, உடம்பு நின்றுவிட்டது என்றேன். “நான் புல்லு குடுத்ததாலயா?” என்றாள். இந்த அத்தியாயத்தில் எழுதியவற்றையெல்லாம் படித்தறிந்து, மாதக்கணக்கில், அவளுக்குக் கொஞ்சங்கொஞ்சமாகச் சொன்னேன். மூன்றாவது குட்டியின் மூக்கில் கண்ட வெண்குமிழியையும் மறைக்காமல் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, குறிப்பேட்டில் 209க்குக் கீழே ஒரு கோடு போட்டாள்.

மார்கழியில் அடுத்த தெரு முயல் மறுபடி குட்டி போட்டது. விடியலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருவரும் போனோம். வீட்டுக்காரர் பெட்டியின் மூடியைத் திறந்தார். அவள் இரண்டு விரலால் ரோமத்தை விலக்கி ஒரு குட்டியைத் திருப்பிப் பார்த்தாள். அரிக்கேன் விளக்கின் வெளிச்சத்தில் அதன் வயிறு வெள்ளையாக இருந்தது. “அம்மா வந்துட்டுப் போயிருச்சு” என்று மெல்லச் சொல்லி, ரோமத்தை இழுத்து மூடிவிட்டு எழுந்துகொண்டாள்.